காதோரச் சோப்பு

சலூன்காரர் தாடி வளர்த்தால் தெரு சும்மா இருக்குமா? முதல் வாரம் யாரும் கண்டுகொள்ளவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் வந்த மனுஷன், உடம்பு அசதி என்று விட்டுவிட்டார்கள். தாடி ஒரு காதிலிருந்து மறு காது வரை வெள்ளையும் சாம்பலுமாக இறங்கியதும் வாய்கள் திறந்துகொண்டன. "என்னண்ணே, ஊருக்கெல்லாம் வழிச்சு விட்டுட்டு நீங்க இப்படி வந்து நிக்கிறீங்க?" என்றார் ஒருவர். "இந்த வயசுல காதல் தோல்வியா?" என்றார் இன்னொருவர். கழுத்து வரை துணி போர்த்தி நாற்காலியில் சாய்ந்திருந்த பஸ் டிரைவர் கண்ணைத் திறக்காமலே, "கத்தியைக் கண்டா இப்ப அவருக்கே பயம்பா" என்றார். கடையே சிரித்தது. அவரும் சிரித்தார். சிரிக்கும்போது தொடைகளை இறுக்கிக்கொண்டார். சிரித்தாலும் இருமினாலும் கொஞ்சம் கசிந்துவிடும். அதற்காக உள்ளே ஈரம் உறிஞ்சும் துணிப் பட்டை ஒன்று வைத்திருந்தார். அதற்கு மேல் கறுப்புப் பேண்ட், அதற்கு மேல் முழங்கால் வரை தொங்கும் கறுப்பு ஏப்ரன்.

அவருக்குப் பஞ்சுக்கை என்று பெயர். அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை, கடைக்கு வருகிறவர்கள் வைத்தது. அவர் கை கன்னத்தில் பட்டால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். அறுபதைத் தொட்ட பிறகும் விரல் நடுங்கவில்லை. கடையில் இரண்டு நாற்காலி, சுவர் நீளத்துக்குக் கண்ணாடி, சீப்புகள் ஊறும் ஒரு பாட்டில். இரண்டாவது நாற்காலி கூட்டாளியுடையது. கூட்டாளிக்கு உடம்பைப் பார்த்து வைத்த பெயர் ஒல்லி. அந்தக் கடையில் பேசப்படாத அசிங்கம் கிடையாது. கல்யாணமாகாதவன் முதல் பல் விழுந்தவர் வரை, முகத்தில் நுரை ஏறியதும் நாக்குக்குக் கடிவாளம் போய்விடும். பஞ்சுக்கையும் லேசுப்பட்டவர் இல்லை. ஒரு கதையை எடுத்துவிட்டால் எதிர்க்கடைக்காரரும் வந்து எட்டிப்பார்ப்பார். இவ்வளவு பேசுகிற ஆம்பிளைகளில் ஒருத்தனுக்காவது தன் சொந்த விஷயத்தை ஒரு வாக்கியத்தில் உண்மையாகச் சொல்லத் தெரியுமா என்று கேட்டால், தெரியாது. இந்தக் கதையே அதுதான்.

தன் முகத்தைத் தானே வழித்துக்கொள்வது அவருக்கு அலுப்பு. மற்ற நாட்களில் காலையில் குழாயடியில் நின்று அவசரமாக ஒரு இழுப்பு இழுத்துக்கொண்டு வந்துவிடுவார். கடையின் வார லீவுக்கு முந்தின சாயங்காலம் மட்டும் வேறு கணக்கு. கடைசி ஆள் எழுந்து போனதும் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கூட்டாளிகள் இருவரும் ஒருவருக்கொருவர் சவரம் செய்துகொள்வார்கள். வெந்நீர்த் துண்டு, நுரை, மேலிருந்து கீழே ஒரு தடவை, கீழிருந்து மேலே ஒரு தடவை. "இன்னிக்கு வேணுமாண்ணே?" என்று ஒல்லி கேட்பான். பெரும்பாலும் வேண்டும் என்பார். சில வாரம் வேண்டாம் என்பார். ஏன் என்று ஒல்லி கேட்டதில்லை, அவனுக்கு அதில் ஒன்றும் தெரியாது.

தெரிந்த ஆள் வீட்டில் இருந்தாள். கல்யாணமான புதிதில் ஒரே அறை வீடு. கூடவே அவருடைய அம்மா, தம்பிகள். பிறகு பிள்ளை பிறந்தான். ராத்திரி என்பது எல்லாரும் சேர்ந்து படுத்துக் கிடக்கிற நேரம், அதில் புருஷன் பொண்டாட்டிக்கு என்ன பங்கு? லீவு நாள் மதியம்தான் அந்த வீட்டில் ஆள் இல்லாத நேரம். முந்தின சாயங்காலம் அவர் வழவழவென்று வந்து நின்றால், மறுநாள் அவள் சமையலைச் சீக்கிரம் முடித்துவிடுவாள். தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்திவிடுவாள். இருவரும் ஒரு வார்த்தை பேசி ஏற்பாடு செய்துகொண்டது இல்லை. அதுவாக அப்படி அமைந்தது. அவளுக்கு முடியவில்லை, மனசு சரியில்லை, வேண்டாம் என்றால் அதற்கும் ஒரு வழி இருந்தது. செருப்பைக் கழற்றுகிறவரின் முகத்தை ஒரு பார்வை பார்த்து, "காதோரம் சோப்பு ஒட்டியிருக்கு பாருங்க" என்பாள். சோப்பு இருக்காது. ஒல்லியின் வேலை அவ்வளவு சுத்தம். அவர் துண்டை எடுத்துத் துடைத்துக்கொள்வார். அவ்வளவுதான், கோபம் கிடையாது, ஏன் எதற்கு கிடையாது.

தம்பிகள் தனித்தனியாகப் போனார்கள். அம்மா காலமானாள். வீடு இரண்டு அறையாகி மூன்று அறையானது. மகனுக்கு வேலை கிடைத்து, கல்யாணமாகி, மருமகளும் காலையில் பையை மாட்டிக்கொண்டு ஆபீஸ் போகிறவளாக வந்தாள். லீவு நாள் மதியம் மட்டும் அப்படியே இருந்தது. இந்த வயதிலுமா என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். அவர்களுக்கு அது வெறும் உடம்பு விஷயமாக இருக்கவில்லை. வாரம் முழுக்க அவர் கண்ணாடி முன்னால் நிற்கிறார், அவள் அடுப்பு முன்னால் நிற்கிறாள். அந்த மதியத்தில்தான் அவள் வாய்விட்டுச் சிரிப்பாள். மாமியாரிடம் பட்டதையெல்லாம் அப்போதுதான் சொன்னாள். முதல் முடி நரைத்ததை அப்போதுதான் காட்டினாள். அந்தக் கதவு வழியாக மட்டும்தான் அவர்கள் ஒருவரிடம் ஒருவர் போய்ச் சேர்ந்தார்கள். வேறு கதவு வைத்துக்கொள்ள அவர்களுக்குத் தோன்றவே இல்லை.

பிறகு சிறுநீர் போவதில் தொந்தரவு வந்தது. அது இது என்று தள்ளிப்போட்டு, மகன் வற்புறுத்தி இழுத்துக்கொண்டு போனான். ரத்தப் பரிசோதனை, சதை எடுத்துச் சோதனை, கடைசியில் புரோஸ்டேட் சுரப்பியில் புற்று என்றார்கள். முற்றவில்லை, எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஆபரேஷன் செய்யப்போகிற டாக்டருக்கு மகன் வயதுதான் இருக்கும். மேஜைக்கு இந்தப் பக்கம் மூன்று நாற்காலி போட்டு மூன்று பேரையும் உட்காரவைத்துப் பொறுமையாகத்தான் பேசினார். பேச்சோடு பேச்சாக அந்தக் கேள்வியும் வந்தது.

"பெரியவரே, இதையும் கேட்டாகணும். கணவன் மனைவி உறவெல்லாம் எப்படி? இப்பவும் உண்டா?"

மகன் சட்டென்று சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படத்தைப் பார்க்க ஆரம்பித்தான். பஞ்சுக்கைக்குக் காது சூடாகிவிட்டது. ஊர் அசிங்கத்தையெல்லாம் உப்புக் காரம் போட்டுப் பேசுகிற வாய் அது. "அதெல்லாம் எப்பவோ நின்னுபோச்சு டாக்டர்" என்றார். சும்மா இருக்காமல், "பேரன் எடுக்கிற வயசு எங்களுக்கு" என்று சிரிக்கவும் செய்தார்.

டாக்டர் அவள் பக்கம் திரும்பினார். "அப்படித்தானாம்மா?"

மடியில் இருந்த பையின் பிடியைப் பார்த்தபடி அவள் தலையாட்டினாள்.

"அப்ப சரி. ரெண்டு பக்கமும் தாராளமாவே எடுத்துடலாம். எதையும் மிச்சம் வெக்கணும்னு பாடுபட வேண்டியதில்லை."

தாராளமாக என்பது அவர்களுக்கு நல்ல வார்த்தையாகத்தான் கேட்டது. அந்த வாரத்து லீவு நாளில்கூட தெருப்பக்கத்து ஜன்னல் சாத்தித்தான் இருந்தது. டாக்டர் ஒரு நிமிஷம் மகனை வெளியே போய் நில் என்று சொல்லியிருக்கலாம். மகனாவது தண்ணீர் குடிக்கப் போகிறேன் என்று எழுந்திருக்கலாம். யாரும் நாற்காலியை விட்டு அசையவில்லை, பேச்சு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. குழாயோடு வீட்டுக்கு வந்தார், பிறகு குழாயை எடுத்தார்கள், பிறகு பட்டை வைத்துக்கொள்ளப் பழகினார். ஈரமானதை அவள் ஒன்றும் சொல்லாமல் துவைத்துப் போட்டாள். முதலில் நடந்தாலே கசிந்தது, அப்புறம் நின்று வேலை செய்தால், அப்புறம் சிரித்தால். புற்று போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்று மகன் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். உயிர் பிழைச்சதே பெரிசு என்று வந்தவர் போனவர் எல்லாம் சொன்னார்கள். அவரும் அதையேதான் சொன்னார். அதற்கு மேல் ஏதாவது கேட்டால் நன்றிகெட்டதனமாகத் தெரியும்.

கடைக்குத் திரும்பிச் சில வாரம் கழித்து, ஷட்டர் பாதி இறங்கியதும், "இன்னிக்கு வேணுமாண்ணே?" என்று ஒல்லி கேட்டான். "போடு" என்றார். வழவழவென்று வீட்டுக்குப் போனார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். சோப்பைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் ஜன்னல் சாத்தியிருந்தது. ஆசை இருந்தது, அதை யாரும் வெட்டி எடுத்துவிடவில்லை. மனசு பழைய இடத்திலேயே நின்றது, உடம்பு மட்டும் அசையவில்லை. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தும் பதில் இல்லை. "உடம்பு தேறட்டும்ங்க, என்ன அவசரம்" என்றாள் அவள். அடுத்த மாதம் இன்னொரு தடவை முயன்றார். இந்தத் தடவை பாதியில் கசிந்துவிட்டது. விரிப்பு நனைந்தது, அவள் மேலும் பட்டது. அவள் ஒன்றுமே நடக்காதது போல எழுந்து விரிப்பை உருவினாள். அவர் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, தண்ணீர்ச் சத்தத்துக்குள் நின்று அழுதார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் முன்னால் அவருக்குக் கூசியது அதுதான் முதல் தடவை.

யாருக்கும் தெரியாமல் டாக்டரிடம் தனியாகப் போனார். அங்கேயும் சுற்றி வளைத்து, மென்று விழுங்கி, முக்கால் வார்த்தையில்தான் கேட்டார். டாக்டருக்குப் புரிந்துவிட்டது. முகம் மாறிவிட்டது.

"அந்தச் சுரப்பிக்கு ரெண்டு பக்கமும் ஒட்டின மாதிரி மெல்லிசா நரம்பு போகும். எழுச்சிக்கு அதுதான் வேணும். உங்க நோய்க்கு ஒரு பக்கத்தையாவது காப்பாத்த முயற்சி பண்ணியிருக்கலாம். அதுலயும் உறுதி கிடையாது, காப்பாத்தினாலும் சில பேருக்குத் திரும்ப வராது. ஆனா நீங்க எப்பவோ நின்னுபோச்சுன்னு சொன்னீங்க. அதனால ரெண்டு பக்கமும் சேத்தே எடுத்துட்டோம்."

"ஆமா. சொன்னேன்" என்றார் பஞ்சுக்கை.

மாத்திரை பெரிதாக வேலை செய்யாது, ஊசி ஒன்று இருக்கிறது, காற்றை உறிஞ்சுகிற கருவி ஒன்று இருக்கிறது, பழகிக்கொண்டால் பலன் உண்டு என்று டாக்டர் எடுத்துச் சொன்னார். "வீட்ல அம்மாவையும் கூட்டிட்டு வாங்க. உக்காந்து பேசுவோம்" என்றார். "யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்து வந்தார். யோசிக்க என்ன இருக்கிறது? அவளைக் கூட்டிக்கொண்டு போனால் டாக்டர் மறுபடியும் அந்த வாக்கியத்தைச் சொல்வார். தன் புருஷன் வாயால் வந்த ஒரே ஒரு பொய்தான் அந்த மதியங்களை எல்லாம் தின்றுவிட்டது என்று அவளுக்குத் தெரிந்துபோகும். நோய் தின்றது என்றே அவள் நினைத்துக்கொள்ளட்டும் என்று முடிவு செய்தார். அந்த வாரம் ஒல்லி கேட்டபோது வேண்டாம் என்றார். அடுத்த வாரமும் வேண்டாம் என்றார். காலையில் குழாயடியில் இழுத்துக்கொள்வதையும் நிறுத்தினார். அப்படி வளர்ந்ததுதான் அந்தத் தாடி.

மாதக்கணக்கில் இது நீண்டது. லீவு நாள் வந்தால் கடைச் சாமான் வாங்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவார். கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொள்வார். அவள் ஏதாவது கேட்டால் எரிந்து விழுந்தார். விளக்கை ஏன் போட்டாய், விளக்கை ஏன் அணைத்தாய், எல்லாவற்றுக்கும் ஒரு சுள். அவளும் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். அவள் நெருங்கி வராதபோது, பார், வெறுத்துவிட்டாள் என்று நினைத்தார். தட்டை வைத்துவிட்டு அவள் நிற்காமல் போனால், இனி நான் எதற்கு இவளுக்கு என்று நினைத்தார். அவருக்கு வேண்டியிருந்தது அவள் ஒருத்திதான். அவளைத்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமாக விரட்டிக்கொண்டிருந்தார்.

ஒரு லீவு நாள் மழை பிடித்துக்கொண்டது. வெளியே போக வழியில்லை. மகனும் மருமகளும் ஆபீசில். சமையல் முடிந்து, சாப்பிட்டு முடிந்து, பாத்திரம் கழுவி முடிந்து, இரண்டு பேருக்கும் செய்ய ஒன்றும் மிச்சமில்லை. சாரல் அடித்ததால் அவள் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள். அந்தச் சத்தம் கேட்டதும் கட்டிலில் கிடந்தவர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். அவள் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள்.

"தாடியை எடுத்துடுங்க."

"எதுக்கு?"

"பாக்க சகிக்கல."

"நீ ஏன் பாக்கிற?"

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டாள். பிறகு, "எம்மேல கோவம்னா வாய் விட்டுத் திட்டிடுங்க. இப்படித் தினம் தினம் கொல்லாதீங்க" என்றாள்.

"உம்மேல எனக்கு என்ன கோவம்?"

"அன்னிக்கு டாக்டர் எங்கிட்டயும்தானே கேட்டாரு. அப்படி இல்லைன்னு நான் சொல்லியிருக்கலாம். தலையை ஆட்டிட்டேன்." விரல் கட்டில் ஓரத்தை நெருடிக்கொண்டிருந்தது. "உங்களுக்குக் குழாய் எடுத்த அன்னிக்கே நர்ஸம்மா சொல்லிட்டாங்க. ரெண்டு பக்கமும் நரம்போட எடுத்தாச்சும்மா, நீங்க ரெண்டு பேரும் வேண்டாம்னு சொன்னீங்களாமேன்னாங்க. உங்களுக்கு எப்படிச் சொல்றதுன்னு தெரியல. தேறட்டும், தேறட்டும்னு பொய் சொன்னேன். தேறாதுன்னு எனக்குத் தெரியும்."

அவர் எழுந்து உட்கார்ந்தார். எல்லாம் தெரிந்தே, அந்த இரண்டு மதியமும் தெரிந்தே, அவள் ஜன்னலைச் சாத்தியிருக்கிறாள். நானும் நீயும் ஒரே கல்லை ஆளுக்கொரு பக்கமாகச் சுமந்திருக்கிறோம் என்று அந்த இடத்தில் அவர் சொல்லியிருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். முதல் பொய் என்னுடையதுதான், நீ அதற்குத் தலையாட்டினாய், அவ்வளவுதானே என்று சொல்லியிருக்கலாம். ஆனால் இத்தனை மாதமாகத் தனியாக அழுத்திக்கொண்டிருந்த பாரத்தில் பாதியை இறக்கிவைக்க ஒரு தோள் கிடைத்துவிட்டது. மனுஷ புத்தி, இறக்கிவிட்டது.

"நீயாவது சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

சொன்ன மாத்திரத்திலேயே நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அழவில்லை. முகம் மட்டும் ஏதோ மூடிக்கொண்ட மாதிரி ஆகிவிட்டது.

"மகன் பக்கத்துல உக்காந்திருந்தான்" என்றாள். "புருஷன் இல்லைங்கிறாரு. பொண்டாட்டி உண்டுன்னு சொல்லணுமா?"

அவர் விரிப்பின் ஓரத்தை எடுத்து மடிக்க ஆரம்பித்தார்.

"எனக்கு என்ன வேணும்னு ஒரு தடவையாவது கேட்டீங்களா நீங்க? அன்னிக்காவது, இன்னிக்காவது?"

இப்போதாவது கேட்டிருக்கலாம். கேள்வியை அவளே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டாள். அவர் விரிப்பின் ஓரத்தை மடித்துக்கொண்டிருந்தார். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு எழுந்து போய், ஏற்கெனவே கழுவிவைத்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். மழை விடுகிற வரை அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அடுத்த லீவுக்கு முந்தின சாயங்காலம், ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அவரே போய் ஒல்லியின் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எடுத்துடு" என்றார்.

"அப்பாடா" என்றான் ஒல்லி. கத்தரியால் தாடியைக் குறைத்து, துண்டு போட்டு, நுரை ஏற்றி, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே வழித்தான். கண்ணாடியில் கன்னம் ஒட்டிப்போன கிழவர் ஒருவர் தெரிந்தார். ஒல்லி வழக்கத்தைவிட ஒரு தடவை கூடுதலாகவே துடைத்துவிட்டான். அவரும் காதோரத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டார். பிசிறு இல்லை, நுரை இல்லை, ஒன்றும் இல்லை.

வழியெல்லாம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தார். தப்பு என்னுதுதான். நாளைக்கு டாக்டர்கிட்ட ரெண்டு பேரும் போவோம். உனக்கு என்ன வேணும், சொல்லு. மூன்றே வாக்கியம். கடையில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேசுகிற வாய்க்கு மூன்று பெரிய பாரமா?

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார். அவள் நிமிர்ந்து பார்த்தாள். வெறும் கன்னத்தைப் பார்த்ததும் அவள் கண்ணில் ஏதோ வந்து போனது. பழைய பார்வைதானோ என்று அவருக்குத் தோன்றியது. வாயைத் திறந்தார்.

அதற்குள் அவள் அருகே வந்தாள். விரலை நீட்டி, அவர் காதுக்குக் கீழே, தாடையின் மூலையில் மெதுவாக ஒரு தடவை துடைத்தாள். விரல் கன்னத்திலேயே கொஞ்சம் நின்றது.

"காதோரம் சோப்பு ஒட்டியிருக்கு பாருங்க" என்றாள்.

அவர் முடியாதவராக நிற்கக் கூடாது என்று, வேண்டாம் என்பதைத் தன் பக்கத்தில் எடுத்துக்கொண்டாளா? இல்லை, 'நீயாவது' என்ற அந்த ஒரு வார்த்தைக்காக அவரை இன்னும் மன்னிக்கவில்லையா? கேட்டால் சொல்லியிருப்பாள். அவர் திறந்த வாயை மூடிக்கொண்டார். கொடியில் கிடந்த துண்டை எடுத்து, இல்லாத சோப்பைத் துடைத்தார்.

அடுத்த வாரமும் வழவழவென்று வந்தார். அடுத்த வாரமும் சோப்பு ஒட்டியிருந்தது.